ரிப்போர்ட் ஏன் கனக்கிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்துவிட்டு சாப்ட்வேர் பக்கம் போனவன் நான். பழைய பாலங்களையும் கட்டடங்களையும் சோதிக்கிற இன்ஜினியர்கள் எடுத்த போட்டோக்களை, அளவுகளோடு சேர்த்து ரிப்போர்ட்டாகக் கோத்துக் கொடுக்கும் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. ஒரு ரிப்போர்ட்டில் இருநூறு படம் இருக்கும். சும்மா விட்டால் 800 எம்.பி. ஆகிவிடும். சைட்டில் நிற்கிற ஆள், செல்போனில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு அதை எப்படித் திறப்பார்? திறக்க முடியலைன்னா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

முதலில் கணக்கு. செல்போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் 4000க்கு 3000 புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட், ஆக 36 எம்.பி. ஜேபெக் முறை அதை மூன்று நான்கு எம்.பி.யில் அடைத்துத் தருகிறது. அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் மூன்று அங்குல அகலத்துக்கு வைக்கிறோம். அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தால் நம் அச்சுக்குப் போதும். அப்படிப் பார்த்தால் வேண்டியது 600க்கு 450 புள்ளிதான். நாற்பத்துநாலில் ஒரு பங்கு! மிச்சமெல்லாம் யார் கண்ணிலும் படாமல் பைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வேர்டில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் பைலும் சின்னதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்த மாத்திரத்தில் ஆகாது. 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' கொடுத்தாலோ, சேமிக்கும்போது சுருக்கும்படி அமைத்திருந்தாலோதான் புள்ளி குறையும். ஜிப் பண்ணுவதும் வீண். ஜேபெக் ஏற்கெனவே பிழிந்த துணி.

புரோகிராம் செய்கிற கோளாறு வேறு ரகம். எங்கள் கைக்கு வந்த ஒரு பழைய மென்பொருள், ஜேபெக் படத்தை முழுதாகப் பிரித்து, இழப்பில்லாத முறையில் பி.டி.எப்.புக்குள் மறுபடி கட்டி வைத்தது. நாலு எம்.பி. படம் இருபதைத் தாண்டியது. ஜேபெக்கை உள்ளபடியே பி.டி.எப். ஏற்றுக்கொள்ளும், பிரிக்கவே வேண்டாம். அதே மாதிரி, லோகோவை ஒரே தடவை உள்ளே வைத்துவிட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் சுட்டலாம். அந்த மென்பொருளோ பக்கத்துக்கு ஒரு பிரதி போட்டிருந்தது. ஒரே வீட்டில் ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கல்யாணப் பத்திரிகை வைத்த மாதிரி!

சரி, எல்லாப் படத்தையும் 600 புள்ளிக்குச் சுருக்கினால் தீர்ந்ததா? இங்கேதான் சிவில்காரன் முழித்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ். 456 : 2000 படி கான்கிரீட்டில் விரிசலின் அகலம் பொதுவாக 0.3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 1.2 மீட்டர் அகலச் சுவரை ஒரே படமாக எடுத்தால், 4000 புள்ளியில் ஒரு புள்ளிக்கு 0.3 மி.மீ. விரிசல் மயிரிழையாகவாவது தெரியும். அதையே 600 புள்ளியாக்கினால் ஒரு புள்ளிக்கு 2 மி.மீ. விரிசல் சுவரின் நிறத்தோடு கரைந்துபோகும். பைலும் சின்னதாச்சு, சுவரும் நல்லதாச்சு!

அதனால் எங்கள் புரோகிராம் முதலிலேயே கேட்கும்: இது இடத்தைக் காட்டும் படமா, குறையைக் காட்டும் படமா? இடம் என்றால் 600 புள்ளி. குறை என்றால், கிட்டே போய், ஸ்கேல் வைத்து, 12 செ.மீ. அகலம் மட்டும் எடுக்கச் சொல்கிறோம். 1200 புள்ளி வைத்தால் அதில் ஒரு புள்ளிக்கு 0.1 மி.மீ. ஒரிஜினல் படம் தனியே பத்திரமாக இருக்கும், அதன் எண் ரிப்போர்ட்டில் இருக்கும். இருநூறு படமும் இருபது எம்.பி. அளவில் அடங்கிவிடுகிறது.

ஸ்கேன் செய்த பக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏ4 தாளை 300 புள்ளிக் கணக்கில் கலரில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் 26 எம்.பி. வெறும் கறுப்பு வெள்ளை என்றால் ஒரு எம்.பி.தான். பேக்ஸ் காலத்து குரூப் 4 முறையில் அதையும் சில பத்து கே.பி.க்குக் கொண்டுவரலாம், ஒரு புள்ளியும் மாறாது. ஆனால் ஜேபிக்2 என்றொரு முறை உண்டு. ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளை ஒரு தடவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும். 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் ஒரு கட்டட பிளானை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று அறைகளுக்கு இருந்த பரப்பு, மூன்றிலும் 14.13 என்றே வந்தது! எழுத்து மங்கியிருந்தால் சந்தேகம் வரும். இதுவோ பளிச்சென்று தப்பாக இருந்தது. பிறகு அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எண்கள் இருக்கிற பக்கத்துக்கு இழப்புள்ள ஜேபிக்2 பக்கம் நாங்கள் போவதே இல்லை.

இறுதியாண்டு தம்பி தங்கைகளுக்கு: கிராப், டிராயிங் எல்லாம் கோடாகவே, அதாவது வெக்டாராக, பி.டி.எப்.பில் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை பி.என்.ஜி.யாக வையுங்கள். ஜேபெக்கில் போட்டால் எழுத்தைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் டிராயிங் ஹாலில் லேப்டாப்போடு இருப்பேன். அடம்பிடிக்கிற புராஜெக்ட் பைல் இருந்தால் பென்டிரைவில் கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்த்துவிடலாம்.