முகவரியைக் காப்பதும் உயிரைக் காப்பதே

(திருவனந்தபுரத்தில் நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, குடியிருப்பு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் படிப்பு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நம் சொந்த வீட்டுக்குள் நடக்கும் ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். பேசுவதற்கு முன் நம் மீதுள்ள ஒரு குற்றத்தை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் நம் சங்கத்துக்கு வந்தார். "மனைவி குழந்தையோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை" என்று கண்ணீர் விட்டார். நமக்கு மனம் இளகிற்று. நம்மவர், நம் ஊர்க்காரர் என்று பதிவேட்டைத் திறந்தோம். அந்தப் பெண் வேலை செய்த இடத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தோம். மறுநாளே அவர் அங்கே போய் நின்றார். தெருவில் வைத்து அவளை அடித்தார். அடிக்குப் பயந்து ஓடி ஒளிந்தவளை நாமே பிடித்துக் கொடுத்தோம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. கெட்ட எண்ணத்தால் செய்ததல்ல, அறியாமையால் செய்தது. ஆனால் அடிபட்டவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

விலாசம் என்பது வெறும் எழுத்தல்ல. ஒரு பெண்ணின் உயிர் சில சமயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே இரண்டு சட்டங்களைப் பற்றி இன்று பேசுவோம். ஒன்று குடும்ப வன்முறையைப் பற்றியது. மற்றது நம்மைப் பற்றிய தகவல்களைக் காப்பது பற்றியது.

முதலில் குடும்ப வன்முறைச் சட்டம். இது 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டுமே வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஏசி இழிவுபடுத்துவது, கூலிப் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது எல்லாம் இதில் அடங்கும். வாடகை வீடானாலும் மனைவியை அங்கிருந்து விரட்ட முடியாது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாஜிஸ்டிரேட் மனுவை எடுத்த 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறுகிற ஆணுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு மிக முக்கியமானது இதன் 27ஆம் பிரிவு. வழக்கை எங்கே போடுவது? "கல்யாணம் நாகர்கோவிலில், குடித்தனம் கரமனையில், இப்போது அம்மா வீடு தென்காசியில், எந்தக் கோர்ட்டுக்குப் போவது?" என்று நம் பெண்கள் திகைக்கிறார்கள். சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ எங்கே தங்கியிருக்கிறாளோ, எங்கே வேலை செய்கிறாளோ, அந்த இடத்து நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். அங்கே கிடைக்கும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். களியக்காவிளையைத் தாண்டினால் செல்லாது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். கணவன் வீட்டுக் கொடுமைக்கான குற்ற வழக்கையும், அடைக்கலம் தேடிப் போன ஊரிலேயே தொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி தகவல் பாதுகாப்புக்கு வருவோம். "படித்தவர்களின் கவலை அது, கல்லும் மண்ணும் சுமக்கும் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நமக்குத்தான் அதிகம். நாம் வேறு மாநிலத்தில் பிழைப்பவர்கள். போகிற இடமெல்லாம் பெயரையும் விரல் ரேகையையும் ஆதார் எண்ணையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். கான்ட்ராக்டரிடம் ஒரு நகல், வீட்டுக்காரரிடம் ஒரு நகல், காவல் நிலையத்தில் ஒரு நகல். 2023 ஆகஸ்டில் கேரளத் தொழிலாளர் துறை வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய 'அதிதி' என்ற இணையதளத்தைத் தொடங்கிற்று. நலத் திட்டங்கள் நமக்கு வந்து சேரப் பதிவு வேண்டியதுதான். பதிவுக்கு நாம் எதிரிகளல்ல. பதிவேட்டின் சாவி யார் கையில் என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேரளம் முன்பே கேட்டிருக்கிறது. 2020இல் கொரோனா பரவிய நாட்களில், மக்களின் உடல்நிலை விவரங்களைத் தொகுக்கும் வேலையை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் மாநில அரசு கொடுத்தது. வழக்குத் தொடரப்பட்டது. 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிய பிறகே விவரங்களைக் கம்பெனிக்குத் தரவேண்டும், மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். கொள்ளை நோய்க் காலத்திலும் இந்த எல்லையை மீறலாகாது என்றது நீதிமன்றம். அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தார்கள்.

அதன் பிறகு 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முழுவதும் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் விடப்பட்டிருக்கிறது. விவரங்கள் கசியாதபடி தக்க பாதுகாப்புச் செய்யத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு தனி மனிதர் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மனைவியின் போனைப் பிடுங்கிப் பார்க்கிற கணவனிடம் இந்தச் சட்டம் எதுவும் கேட்காது. கம்பெனியின் வாசலில் காவல் நிற்கும் சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

இது ஏன் முக்கியம்? நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். ஆதாருக்கு யார் போன் நம்பர்? வீட்டுக்காரருடையது. பேங்க் கணக்கு, கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அவருடைய நம்பர்தான். நல்ல குடும்பத்தில் இதனால் குற்றமில்லை. ஆனால் அடி தாங்காமல் வெளியேறிய பெண் ஒரு சலுகைக்கு மனுப் போட்டாலும் ஓ.டி.பி. எண் அவள் கணவன் போனுக்குத்தான் போகிறது. பேங்கில் பணம் எடுத்தால் செய்தி அவனுக்குப் போகிறது. எந்த ஊரில் எடுத்தாள் என்பதும் தெரிந்துவிடுகிறது. அவள் கையிலிருக்கும் போன் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுக்கிறது. அன்று நம் பதிவேடு செய்த காரியத்தை இன்று போன் செய்கிறது.

இங்கேதான் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கைகொடுக்கிறது. நேரிலோ, கடிதத்திலோ, தொலைபேசியிலோ, மின்னணு வழியிலோ அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்டிரேட் தடை விதிக்கலாம். அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையவும் தடை விதிக்கலாம். அவள் விரும்பினால் கதவை மூடி ரகசியமாக விசாரிக்கலாம் என்கிறது 16ஆம் பிரிவு. அவள் கேட்டுக்கொண்டால், அங்கே இருக்கிறாள் என்பதை அடைக்கல இல்லம் எதிர்த் தரப்புக்கு வெளியிடக் கூடாது என்று 2006ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிடுகின்றன. புகார் எழுதித் தரவில்லை என்று காரணம் காட்டி இடம் மறுக்கவும் கூடாது. ஒரு பெண் இணையத்தில் செய்வதை ஒளிந்து கண்காணிப்பது புதிய குற்றச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காத உத்தரவு தானாக வராது.

போனுக்கு இன்னொரு முகமும் உண்டு. கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மிரட்டலைப் பதிவு செய்து வைத்திருக்கும் பெண்ணுக்கு அது துணை. அவள் பேச்சை ஒட்டுக் கேட்கும் கணவனுக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. ஆகையால் எதை, யாரிடம், எந்தப் போனில் பேசுகிறோம் என்பதில் கவனம் தேவை.

தோழர்களே, "இது குடும்ப விவகாரம், சங்கம் ஏன் தலையிட வேண்டும்? பிழைக்க வந்த இடத்தில் தமிழனின் மானம் போகாதா?" என்று சிலர் கேட்பார்கள். கூலியைக் கான்ட்ராக்டர் பிடித்தால் கொதிக்கிறோம். அதே கூலியை மனைவியிடமிருந்து பிடுங்கி அவளை உதைத்தால் குடும்ப விவகாரமா? சித்தாள் வேலை செய்து மாலையில் சோறு பொங்கும் பெண்ணும் நம் சங்கத்தின் தொழிலாளிதான். அவள் அழுகை வெளியே கேட்பதில் மானம் போவதில்லை. அது கேட்டும் நாம் வாசலைச் சாத்திக்கொண்டால்தான் போகிறது. அண்டை வீட்டார் நல்ல எண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னால் அவர்கள் மீது வழக்கு வராது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவே உறுதி தருகிறது.

நம் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். 181 என்ற எண்ணில் கேரளத்தின் 'மித்ரா' உதவி மையம் 2017 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. ஆபத்து நேரத்தில் 112. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேளுங்கள். முடிந்தால் நம்பிக்கையான ஒருவர் போனிலிருந்து பேசுங்கள். ஆதாரில் உங்கள் நம்பரைச் சேர்க்க உங்கள் விரல் ரேகை போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் சந்தேகம் வரும். பாதுகாப்பான இடத்துக்குப் போகும் திட்டம் முதலில், மாற்றங்கள் பிறகு.

அரசிடம் நாம் கேட்பது என்ன? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991லேயே ஒரு சட்டம் செய்தது. வன்முறைக்குத் தப்பிய பெண்ணுக்கு அரசு ஒரு மாற்று முகவரி கொடுக்கிறது. அரசு அலுவலகங்களில் அந்த முகவரியே பதிவாகிறது. கடிதங்கள் அங்கே போய் அவளை வந்தடைகின்றன. உண்மையான இருப்பிடம் பொது ஏடுகளில் ஏறுவதில்லை. கேரளமும் தமிழ்நாடும் இதைச் செய்ய என்ன தடை? தொழிலாளர் பதிவிலும் நலத் திட்டங்களிலும் பெண்ணுக்குத் தனி நம்பர், தனிப் பதிவு வேண்டும். உதவி மையங்களில் தமிழில் பேசுவோர் வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சுத்தம் செய்வோம். நம் பதிவேடு இனிப் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். உறுப்பினர் விலாசத்தை, அவர் சம்மதம் இல்லாமல், கணவனுக்கும் தரக் கூடாது, அண்ணனுக்கும் தரக் கூடாது, கான்ட்ராக்டருக்கும் தரக் கூடாது. கேட்டு வருகிறவரிடம், "செய்தி இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் அவரிடம் சேர்க்கிறோம்" என்று சொல்வோம். இந்தப் பொறுப்பைப் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு குழுவிடம் ஒப்படைப்போம். இதைத் தீர்மானமாக இன்றே நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்று நாம் எழுதிக் கொடுத்த அந்த விலாசத்தை இனித் திரும்ப வாங்க முடியாது. அடுத்த பெண் நம் சங்கத்தின் கதவைத் தட்டும்போது, இங்கே சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையோடு அவள் தட்ட வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நடந்துகொள்வோம்.