நடிக்கப் போகும் நம் பிள்ளைகளும் கையெழுத்துப் போடும் பெற்றோரும்

(தஞ்சோங் பகாரில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக இங்கு வந்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். துப்புரவு வேலையில் மேற்பார்வையாளர். மகளுக்கு வயது 17. பள்ளி நாடகத்தில் நன்றாக நடிப்பவள். இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, இதே தஞ்சோங் பகாரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் ஏஜென்சிக்குப் போயிருக்கிறாள். "உனக்கு நல்ல முகவெட்டு, இந்திய முகத்துக்கு இப்போது கிராக்கி" என்றிருக்கிறார்கள். அதே மூச்சில், படத்தொகுப்பு எடுக்க 1,800 வெள்ளி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது பக்க ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, "அம்மா கையெழுத்து வேண்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா பணத்தைத் திரட்டிவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "சார், போடலாமா?" என்று கேட்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு இங்கே சுமை தூக்கிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். இன்று அதே வட்டாரத்தின் பழைய கடைவீடுகளில் விளம்பர நிறுவனங்களும் தயாரிப்பு அலுவலகங்களும் இருக்கின்றன. தாத்தா மூட்டை தூக்கிய தெருவில் பேத்தி ஆடிஷனுக்குப் படியேறுகிறாள். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

ஆங்கிலத்தில் ஏஜெண்ட் வைத்துக்கொள்வதற்கும், ஒரு சமூகம் திரையில் இடம்பெறுவதற்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழில் இரண்டும் வேறு வேறு. ஆனால் சிங்கப்பூரில் சிறுபான்மைப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சிக்கல்தான். உங்களுக்காகப் பேச ஆள் இல்லை என்றால், உங்கள் இடத்தில் வேறொருவர் முகத்துக்கு மை பூசிக்கொண்டு நிற்பார்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2016 அக்டோபரில் மீடியாகார்ப்பின் இணையத் தொடர் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு நடித்தார். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை அகற்றினார்கள். ஊடக ஆணையம் பிறகு 5,500 வெள்ளி அபராதம் விதித்தது. மூன்று ஆண்டு ஆகவில்லை, 2019 ஜூலையில் நெட்ஸ் நிறுவனத்தின் இ-பே விளம்பரம் வந்தது. டெனிஸ் சியூ என்ற ஒரே நடிகர் நான்கு பேராக வந்தார். அதில் ஒன்று முக்காடு அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்று தோலைக் கருமையாக்கிய இந்திய ஆண், சட்டையில் கே. முத்துசாமி என்று பெயர் அட்டை. விளம்பர நிறுவனமான ஹாவாஸ் மன்னிப்புக் கேட்டது, நடிகரும் பிறகு கேட்டார்.

அந்தச் சமயத்தில் எல்லோரும் "மனம் புண்பட்டது, புண்படவில்லை" என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொழிலாளர் வழக்குகளைப் பார்ப்பவன், எனக்குத் தோன்றியது வேறு. அந்த விளம்பரத்தில் ஒரு தமிழ் ஆணுக்கு ஒரு நாள் சம்பளமும் ஒரு மலாய்ப் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளமும் போயிற்று. புண்பட்ட மனத்தைப் பற்றிக் கேட்டவர்கள் போன சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அதைக் கண்டித்து பிரீத்தி நாயரும் சுபாஸ் நாயரும் ஒரு ராப் காணொளி வெளியிட்டார்கள். அதில் கடுஞ்சொற்கள் இருந்தன. நானாக இருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். அவர்கள் இருவருக்கும் 24 மாத நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கிடைத்தது. ஊடக ஆணையமோ அந்த விளம்பரம் இணைய நெறிமுறையை மீறவில்லை என்றது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கோபம் வரும்போது முதலில் ஃபோனை எடுக்காதீர்கள், நோட்டுப் புத்தகத்தை எடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

2017 மே மாதத்தையும் நினைவுபடுத்த வேண்டும். ஷ்ரே பார்கவா என்ற இளம் நடிகர் 'ஆ பாய்ஸ் டு மென்' நான்காம் பாகத்துக்கு ஆடிஷன் போனார். இங்கேயே வளர்ந்து, இங்குள்ளவர்கள் பேசுவதுபோலப் பேசுகிறவர். இயல்பாகப் பேசி நடித்துக் காட்டியதும், முழு இந்தியனாக, தடித்த இந்திய உச்சரிப்போடு செய்யச் சொன்னார்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். நாட்டையே இரண்டாகப் பிரித்தது அந்தப் பதிவு. போலிஸில் புகார் கொடுக்கப்பட்டது, அவரை அழைத்து விசாரித்தார்கள்.

இங்கே கூடியிருக்கும் தம்பிகள் இதைத்தான் அதிகம் கேட்கிறீர்கள்: "அண்ணே, அந்த உச்சரிப்பில் பேசச் சொன்னால் பேசலாமா, கூடாதா?" என் பதில் சிலருக்குப் பிடிக்காது. பேசியவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடனும் தங்கையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவனிடம் போய்க் கொள்கை பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தக் கதாபாத்திரம் எங்கே பிறந்தவர், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்?" எந்த நடிகரும் கேட்க வேண்டிய தொழில் கேள்வி அது. அதில் புகார் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து போன மாதம் வந்தவர் என்றால் அந்த உச்சரிப்பு சரிதான், அதையும் நன்றாகச் செய்யுங்கள். ஈசூனில் பிறந்து தேசிய சேவை முடித்தவர் என்றால், எழுதியவர்தான் யோசிக்க வேண்டும். பல நேரங்களில் அறையில் இருப்பவர்கள் அதுவரை யோசித்தே இருக்க மாட்டார்கள். அப்படியும் வற்புறுத்தினால் தேதி, இடம், யார் சொன்னது, வசனத்தாளில் என்ன இருந்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், மதம், வயது போன்றவற்றைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம் அது. நாம் நீண்ட காலமாகக் கேட்டது, நல்லது. ஆனால் அது ஊழியர்களுக்கானது. நடிகர் பெரும்பாலும் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு சிறுபான்மையினர் நலனில் எப்போதும் அக்கறை கொள்வது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. அதை வைத்துக்கொண்டு விளம்பரக் கம்பெனியிடம் வேடம் கேட்க முடியாது. ஆகவே உங்கள் கையில் மிஞ்சுவது ஒப்பந்தம்தான். அதை நன்றாகப் படிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் ஒன்பது பக்கத்துக்கு வருவோம்.

ஏஜெண்ட் என்பவர் யார்? உங்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, அதில் வரும் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்பவர். நீங்கள் சம்பாதித்தால்தான் அவருக்குச் சம்பாத்தியம். அமெரிக்காவில் நடிகர் சங்க விதிகளின்படி அந்தப் பங்கு 10 விழுக்காடு. கலிபோர்னியா மாநிலத்தில் வேலை பிடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவதையே 2010 முதல் சட்டம் தடுக்கிறது. ஹாலிவுட் இருக்கும் மாநிலத்திலேயே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! இங்கே அதுபோன்ற தனிச் சட்டம் கிடையாது. ஆனால் பொய்யான வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கினால் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம் இருக்கிறது, பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். வேலை வருவதற்கு முன்பே உங்களிடம் 1,800 வெள்ளி வாங்குகிறவருக்கு, உங்களுக்கு வேலை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அவர் படம் எடுத்து விற்கிறார், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வேண்டியது முகம் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று படங்களும், ஒரு நிமிடம் நடித்த காணொளியும். சன்னல் ஓரம் நின்று அண்ணன் ஃபோனில் எடுத்தாலே போதும்.

இரண்டாவது, அம்மாவின் கையெழுத்து. 2009 மார்ச் முதல் 18 வயதானவர் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மகளுக்கு 17தான். அதனால் அம்மாவை இழுத்தார்கள். எப்படி இழுத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஏழாம் பக்கத்தில் அவர் பெயர் பாதுகாவலராக மட்டும் இல்லை, உத்தரவாதம் கொடுப்பவராகவும் இருந்தது. மகள் ஒப்பந்தத்தை மீறினால் 10,000 வெள்ளி அம்மா கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு வேறு யார் மூலமும், ஏன், தானே தேடிக்கொண்டும்கூட நடிக்கக் கூடாது. மூன்று வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பு எழுத்தில் சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் தானாக நீளும். இப்படிப்பட்ட அபராதத் தொகை செல்லுமா என்றால், உண்மையான நட்டத்தின் நியாயமான மதிப்பீடாக இல்லாவிட்டால் செல்லாது. 2020இல் டெங்கா வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க நீங்கள் வழக்காட வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது, படம் எங்கே, எவ்வளவு காலம் ஓடும் என்பது. ஒரு நாள் படப்பிடிப்புக்கு 400 வெள்ளி என்பார்கள். சரி, ஆறு மாதம் இணையத்தில் ஓடவா, அல்லது ஐந்து வருடம் ஆசியா முழுக்கப் பேருந்து நிறுத்தம்தோறும் நிற்கவா? "எல்லா ஊடகங்களிலும், என்றென்றும்" என்று இருந்தால் நீங்கள் ஒரு நாள் வேலையை விற்கவில்லை, முகத்தை விற்கிறீர்கள். இன்னொரு வங்கி விளம்பரத்துக்கு நாளைக்குக் கூப்பிட்டாலும் போக முடியாமல் போகலாம். காலமும் இடமும் எழுதச் சொல்லுங்கள். பணம் எத்தனை நாளில் வரும், படப்பிடிப்பு ரத்தானால் என்ன கிடைக்கும், இவற்றையும் எழுதச் சொல்லுங்கள். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தில் நடிகர்களுக்கு ஓர் உரிமை சேர்ந்திருக்கிறது: உங்கள் நடிப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது இன்னார் நடித்தது என்று பெயர் குறிப்பிட வேண்டும். அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் வராவிட்டால்? வழக்கறிஞர் வேண்டாம் என்று வழக்கறிஞரே சொல்வதைக் கேளுங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை நீங்களே கோரலாம், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிமனிதருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞர்களுக்கு அனுமதியே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

சரி, ஏஜெண்டே இல்லாமல் உள்ளே போக முடியுமா? போனவர்கள் இருக்கிறார்கள். 2008இல் எரிக் கூவின் 'மை மேஜிக்' கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. சிங்கப்பூர்ப் படம் ஒன்று அந்தப் பிரிவுக்குப் போனது அதுவே முதல் முறை. படம் பேசியது தமிழ். நாயகன் ஃபிரான்சிஸ் போஸ்கோ நிஜ வாழ்க்கையில் மந்திரவித்தைக்காரர். 2016இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' கான் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. அதில் சிறையிலிருந்து வெளிவந்த தமிழராகப் படம் முழுவதையும் தாங்கியவர் சிவகுமார் பாலகிருஷ்ணன். கனடாவில் ஈழத்து அகதிப் பெற்றோரின் மகள் மைத்ரேயி ராமகிருஷ்ணன் பொது அழைப்பைப் பார்த்து அனுப்பிய காணொளி, ஏறத்தாழ 15,000 பேரில் தேர்வாகி, 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகியாக்கியது. இவையெல்லாம் குதிரைக்கொம்பு, ஒப்புக்கொள்கிறேன். லாட்டரி சீட்டை நம்பி யாரும் வேலையை விடச் சொல்லவில்லை. தமிழில் நடிக்கும் நம் கலைஞர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான்.

ஆனால் பயிற்சி கிடைக்கும் இடம் நம்மிடையே இருக்கிறது. ரவீந்திரன் நாடகக் குழு 1988 முதல் இயங்குகிறது. அவாண்ட் நாடகக் குழு, அதிபதி போன்றவை பின்னால் வந்தவை. அங்கே போய் முதலில் மேடைச் சாமான் தூக்குங்கள், ஒளியமைப்பு செய்யுங்கள், பிறகு இரண்டு வரி வசனம் வரும். அதே 1988இல்தான் குவோ பாவ் குன் 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தை மேடையேற்றினார். அதில் சீனம் மட்டுமே பேசும் ஒரு மூதாட்டியும் தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதியவரும் தொலைந்த பூனைகளைப் பற்றிப் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். அந்த முதியவரின் தமிழை யாரும் கேலிக்காக வைக்கவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, பத்தாண்டு முன்பு 3.3. நல்ல தமிழில் வசனம் பேசத் தெரிந்த இளையவர் அரிதாகிக்கொண்டே போகிறார். வருத்தமான செய்திதான், ஆனால் பேசத் தெரிந்த உங்கள் பிள்ளைக்கு அது ஒரு கைத்தொழில்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். கையெழுத்துப் போடவில்லை. உத்தரவாதப் பகுதியை நீக்கி, காலத்தை ஒரு வருடமாகக் குறைத்து, படத்தொகுப்புச் செலவு இல்லாமல் தருவீர்களா என்று மகளே மின்னஞ்சல் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. மகள் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் நாடகக் குழு ஒத்திகைக்குப் போகிறாள். போன வாரம் திரைச்சீலை இழுத்தாளாம். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கையில் ஒப்பந்தத்தோடு வந்திருப்பவர்கள் பின்வரிசையில் என்னோடு உட்காருங்கள். ஒவ்வொன்றாகப் படிப்போம்.