சில நூறு வாட்கள் பேரரசுகளை வீழ்த்தினவா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

1519-ல் எர்னான் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியத் தளபதி சுமார் 500 சிப்பாய்களோடு மெக்சிகோ கரையில் இறங்கினான். 1521 ஆகஸ்ட் 13-ல் அஸ்டெக் பேரரசின் தலைநகரம் தெனோச்தித்லான் வீழ்ந்தது. "வெள்ளையனின் வீரத்தைப் பாரீர்!" என்று சரித்திரப் புத்தகங்கள் வெகுகாலம் பறைசாற்றின. உண்மை என்ன?

அவர்களிடம் பீரங்கி இருந்தது, எஃகு வாள் இருந்தது, குதிரை இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் லட்சோபலட்சம் மக்களை 500 பேர் ஆயுதத்தால் மட்டும் வென்றுவிட முடியுமா?

அஸ்டெக் மன்னர்கள் சுற்றுப்புற ஊர்களை அடக்கிக் கப்பம் வாங்கினார்கள். சோளமும் பருத்தித் துணியும் கொக்கோவும் உழைத்தவன் குடிசையிலிருந்து தலைநகருக்குப் போயின. பணிய மறுத்த த்லாஸ்கலா நாட்டுக்கு உப்புக்கூடப் போகாமல் தடுத்தார்கள். இந்த மக்களின் கோபத்தைத்தான் கோர்ட்டெஸ் தனக்குப் படையாக்கிக்கொண்டான். தலைநகரை முற்றுகையிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானியர் அல்ல. அந்த மண்ணின் மைந்தர்களே!

கூடவே, 1520-ல் பெரியம்மை வந்தது. கடல் கடந்து வந்த அந்நோயை எதிர்க்கும் சக்தி அம்மக்களின் உடலில் இல்லை. புதிய மன்னன் குயித்லாவாக்கும் அதற்குப் பலியானான்.

தெற்கே, இன்கா பேரரசிலும் இதே கதைதான். அங்கே அரியணைக்காகச் சகோதரர்கள் இருவர் மோதி, நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1532-ல் 168 பேரோடு வந்த பிசாரோ, வென்ற சகோதரனான அதவால்ப்பாவை வஞ்சகமாகச் சிறைப்பிடித்தான். மீட்புத் தொகையாகப் பொன்னையும் வெள்ளியையும் குவியல் குவியலாக வாங்கிக்கொண்டு, 1533-ல் அவனைக் கொன்றான்.

எதற்காக வந்தார்கள்? மதம் பரப்ப என்றார்கள். கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னனுக்கு. மீதி, முதல் போட்டவனுக்கும் படையில் வந்தவனுக்கும். இதுதான் கணக்கு!

அப்புறம் உழைப்பாளிக்கு என்ன கிடைத்தது? 1545-ல் பொத்தோசி மலையில் வெள்ளி கண்டார்கள். இன்கா காலத்தில் முறை வைத்துச் செய்த ஊழியத்துக்கு 'மிதா' என்று பெயர். 1570-களில் அதே பெயரை வைத்துக்கொண்டு, சுற்றுவட்டார மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் என்று சுரங்கத்துக்குள் விரட்டினார்கள். மெக்சிகோவிலும் பழைய கப்பம் ஒழியவில்லை; வாங்கும் கைதான் மாறியது.

தோழர்களே! மக்களைக் கசக்கிப் பிழிந்த அரசுக்கு ஆபத்து வந்தபோது அந்த மக்கள் துணை நிற்கவில்லை. அது நியாயமே. ஆனால் ஒரு கொள்ளைக்காரனை விரட்ட இன்னொரு கொள்ளைக்காரனோடு கை கோத்தார்கள். எஜமானன் மாறினான், நுகத்தடி மாறவில்லை. அந்த நுகத்தின் கீழ் மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன!