ஆளைச் சுட்டும் ஆங்கிலக் கொச்சைமொழி



"அவன் ஒரு சகுனி" என்று தமிழர் ஒருவர் சொல்ல, பாரதக்கதை அறியாத அந்நியர் கேட்டால் யாது பொருள் கொள்வார்? அகராதி அவருக்கு உதவாது. ஆங்கிலேயர் மனிதரைக் குறித்து வழங்கும் கொச்சைமொழிகளைக் கேட்கும் தமிழரின் நிலையும் இத்தகையதே. சொற்கள் தெரிந்தவை, கருத்து மட்டும் பிடிபடுவதில்லை.

'கை' என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது தமிழ்க் கையன்று. ஓர் ஆளின் பெயர். 1605ஆம் ஆண்டு இலண்டன் பாராளுமன்றத்தை வெடிமருந்து கொண்டு தகர்க்கச் செய்த சதியிற் பிடிபட்டவன் கை போக்ஸ். நவம்பர் 5ஆந் திகதி அவனுருவைக் கந்தலாற் செய்து கொளுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் எழுந்தது. அவ்வுருவின் பெயர், அலங்கோலமாக உடுத்தவனைச் சுட்டும் ஏளனச் சொல்லாயிற்று. அமெரிக்காவிலோ ஏளனம் நீங்கி, 'ஆள்' என்ற அளவில் நின்றது. இன்று ஆணும் பெண்ணும் கூடிய குழுவையும் அதன் பன்மையால் விளிப்போர் பலர்.

இலண்டன் பொலிஸ்காரரைச் சுட்டும் 'பொபி' என்பதும் ஒருவர் பெயரே. 1829இல் அந்நகரப் பொலிஸ் படையை நிறுவிய உள்நாட்டு மந்திரி றொபேட் பீல் என்பாரின் முதற்பெயரின் செல்லவடிவம் அது.

வேறு சில, தொழிலிலும் வாழ்க்கையிலும் பிறந்த உவமைகள். ஒருவரை 'டாக் ஹோர்ஸ்', அதாவது இருண்ட குதிரை, என்றால் நிறத்தைப் பழித்ததாக எண்ணிச் சினத்தல் வேண்டா. பந்தயத்தில் ஆற்றல் வெளிப்படாத குதிரையே இருண்ட குதிரை. எதிர்பாராது வெல்லக்கூடியவர் என்பது கருத்து. 'வெட் பிளாங்கெட்' என்பது ஈரக் கம்பளி. ஈரக் கம்பளி நெருப்பை அவிப்பதுபோலப் பிறர் உற்சாகத்தை அவிப்பவருக்கு அது பெயர்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதுமா? 'ஓல்ட் மான்' என்பதன் நேர்ப்பொருள் கிழவன். மகன் தகப்பனையும், மனைவி கணவனையும், மாலுமி கப்பற்றலைவனையும் அவ்வாறு குறிப்பதுண்டு. அங்கே உரிமையும் அன்பும் இழையோடும். அதே சொல்லைப் புதிதாக வேலைக்கமர்ந்த இளைஞன் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னால், அது அவமதிப்பாகவே கொள்ளப்படும். கற்ற சொல் பிழையன்று. சொன்ன இடமே பிழை. ஆயினும் அவன் நல்லெண்ணம் அறியப்படாமலே போகும்.

ஆதலால், இத்தகைய சொல்லொன்று காதில் விழுந்தால், சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார், அவர் முன்னிலையிற் சொல்லப்பட்டதா என்னும் மூன்றையும் நோக்குதல் வேண்டும். சொன்னவர் முகத்தில் நகையா பகையா என்பதும் பொருளை உணர்த்தும். வேற்றுமொழியின் கொச்சையை அறிந்துகொள்வது நன்று. அதனை எடுத்தாள்வதற்கோ, அம்மொழி பேசுவோருடன் நெடுநாள் பழகிய உரிமை வேண்டும். அவ்வுரிமை வாய்க்கும்வரை, பெயரிட்டு மரியாதையாக அழைப்பதால் எவர் மனமும் புண்படாது.