சொற்களுக்கு ஒரு பதிவேடு

அலுவலக மொழிபெயர்ப்பில் நாளெல்லாம் ஈடுபடுவோர்க்குச் சொல்லே கைம்முதல். ஆனால் அந்தக் கைம்முதலுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே குறைவு. 'செக்யூரிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நாட்டின் எல்லையைப் பற்றிய அறிக்கையில் அது பாதுகாப்பு. ஒப்பந்தத்தில் செலுத்தும் வைப்புத் தொகையைச் சார்ந்து வரும்போது பிணை. பங்குச் சந்தை விதிகளில் பிணையங்கள். எந்த இடத்தில் எதை ஆண்டோம் என்பதை நாம் துண்டுத் தாளில் குறிக்கிறோம். அல்லது நினைவில் வைக்கிறோம். தாள் தொலைகிறது, நினைவோ, அதை உடையவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு வீட்டுக்குச் சென்றுவிடுகிறது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஒரு சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு சொல்லும், அதே பொருளுக்கு 9ஆம் பிரிவில் வேறொரு சொல்லும் வந்தால், படிப்பவர் அவை இரண்டும் வெவ்வேறு என்றே கொள்வார். 1973ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்றின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் மத்தியச் சட்டத் தமிழாக்கம் அதிகாரபூர்வமான வாசகமாகவே கொள்ளப்படுகிறது. அத்தகைய வாசகத்தில் சொல் தடுமாறினால் பொருளும் தடுமாறும். பொருள் தடுமாறினால் உரிமை தடுமாறும். ஆகவே சொற்களுக்கு ஒரு நல்ல பதிவேடு வேண்டும். அதைக் கணினியில் நாமே அமைத்துக்கொள்ள இயலும் என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து, வேண்டும்போது வேண்டியவாறு எடுக்க உதவும் அமைப்பைத் தரவுத்தளம் என்கிறோம். இன்று பெரிதும் வழங்கும் முறைக்கு அடிப்படை இட்டவர் எட்கர் காட் என்னும் அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தகவல்களை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்றும், அவற்றில் உள்ள மதிப்புகளைக் கொண்டே ஓர் அட்டவணையை மற்றொன்றோடு இணைக்கலாம் என்றும் காட்டினார். பின்னாளில், நிரல் எழுதத் தெரியாதவரும் படிவம் வரைந்து தரவுத்தளத்தை ஆளும் வகையில் மென்பொருள்கள் தோன்றின. 1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் அவற்றுள் ஒன்று. லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள பேஸ் என்பது விலையின்றிக் கிடைப்பது. அதையே நாம் எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை கணினியில் அன்று, தாளில். இந்தப் பதிவேட்டை நாம் என்னென்ன கேட்கப் போகிறோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். "இச்சொல்லுக்கு இதுவரை என்னென்ன தமிழ்ச் சொற்களை ஆண்டுள்ளோம்? எந்தத் துறையில்? எந்த ஆவணத்தில்? என்று?" இந்த நான்கு கேள்விகள் போதும். கேள்வி தெளிவானால் அமைப்பும் தெளிவாகும்.

இங்கே புதியவர் பலரும் ஒரு பெரிய அட்டவணையைத் தீட்டத் தொடங்குவர்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல் ஒன்று, தமிழ்ச் சொல் இரண்டு, தமிழ்ச் சொல் மூன்று எனப் பத்திகள் நீளும். நான்காவது சொல் வந்தால் இடமிராது. ஒரு சொல் மட்டும் உள்ள இடத்தில் இரண்டு பத்திகள் வெறுமையாகக் கிடக்கும். ஒன்றுக்குப் பல என்னும் உறவு தோன்றும் இடத்தில் அட்டவணையும் இரண்டாக வேண்டும் என்பதே இதற்கு விடை. முதல் அட்டவணை ஆங்கிலச் சொற்களுக்கு. இரண்டாவது அவற்றின் தமிழாக்கங்களுக்கு.

முதல் அட்டவணையில் இரண்டே புலங்கள்: சொல் எண், ஆங்கிலச் சொல். சொல் எண்ணை இயந்திரமே ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளுமாறு விடலாம். அதுவே முதன்மைத் திறவு. ஒரு பதிவை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளம். இரண்டாவது அட்டவணையில் தமிழாக்க எண், சொல் எண், தமிழ்ச் சொல், துறை, எடுத்துக்காட்டு வாக்கியம், ஆவணக் குறிப்பு, தேதி ஆகியவை. இரண்டிலும் வரும் சொல் எண்ணே இணைப்புக் கயிறு. உறவுகளை அமைக்கும் சாளரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்து இணைத்துவிட்டால், தமிழாக்கங்கள் உள்ள ஆங்கிலச் சொல்லை அவசரத்தில் அழிக்க முயன்றாலும் இயந்திரம் இடங்கொடாது.

புலங்களின் அளவை வரையறுக்கும்போது தமிழுக்கு உரிய ஒன்றைக் கருத வேண்டும். 'மொழிபெயர்ப்பு' என்பது நமக்கு 7 எழுத்து. யூனிகோடு முறையிலோ அது 13 குறியெண்களாகும். உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஆதலின் தமிழ்ச் சொல்லுக்கு இடம் தாராளமாக ஒதுக்குதல் நன்று. எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு நீண்ட உரைக்குரிய வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அட்டவணை அமைந்தபின் படிவம். உதவி வழிகாட்டி ஒவ்வொரு படியாகக் கேட்டு இதை அமைத்துத் தரும். மேலே ஆங்கிலச் சொல்லுக்கு முதன்மைப் படிவம். கீழே அதன் தமிழாக்கங்கள் வரிசையாகத் தோன்றும் துணைப் படிவம். மேலே 'செக்யூரிட்டி' வந்து நின்றால், கீழே பாதுகாப்பும் பிணையும் பிணையங்களும் தாமே வந்து நிற்கும். புதிய தமிழாக்கத்தைக் கீழே எழுதினால், சொல் எண் தானாகவே அதில் ஏறிவிடும்.

படிவம் என்பது நிரப்புவோர்க்கு நாம் செய்யும் உபசாரம் எனலாம். துறையின் பெயரை ஒருவர் 'நிதி' என்றும், மற்றொருவர் 'நிதித்துறை' என்றும் எழுதினால் தேடும்போது பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. ஆகவே துறைப் பெயர்களைப் பட்டியலாகத் தந்து அதிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்ய வேண்டும். தமிழ்ச் சொல்லையும் ஆவணக் குறிப்பையும் கட்டாயம் நிரப்ப வேண்டிய புலங்களாக்கலாம். சான்று இல்லாத சொல் பின்வருவோர்க்குப் பயன்படாது. ஆனால் எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் எவரும் நிரப்பமாட்டார்.

தமிழில் தேடும்போது இரண்டு இடர்கள் நேரும். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரம் அவற்றை வெவ்வேறாகக் கருதி, உள்ள சொல்லை இல்லை என்று கூறிவிடக்கூடும். எல்லாரும் ஒரே விசைப்பலகை முறையைக் கையாள்வது இதற்குப் பெரிதும் உதவும். அடுத்தது அகர வரிசை. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து றன்னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கிலோ றகரமும் றன்னகரமும் இறுதியில் வருபவை. ஆகவே முதல் முயற்சியில் ஆங்கிலச் சொல்லின் வரிசையையே முதன்மையாகக் கொள்ளுதல் எளிது.

பிறகு வினவல். குறித்த ஒரு துறையில் ஆண்ட சொற்களை மட்டும் திரட்டித் தருமாறு கேட்பது ஒரு வினவல். ஒரே துறையில் ஒன்றுக்கு மேற்பட்ட தமிழாக்கம் பெற்ற சொற்களைக் காட்டுமாறு கேட்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வினவலே நம் பதிவேட்டின் உயிர்நாடி. எங்கே தடுமாறினோம் என்பதை அது முகத்தாட்சணியமின்றி எடுத்துக்காட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அனைவரும் கூடி முடிவு செய்யலாம். முடிவு செய்வது மனிதரின் வேலை. மறவாமல் நினைவூட்டுவது இயந்திரத்தின் வேலை.

நடைமுறைக்கு உரிய சில எச்சரிக்கைகள் உண்டு. முதல் நாளிலேயே 2,000 சொற்களை ஏற்ற வேண்டா. 20 சொற்களை ஏற்றி, அமைப்பில் பங்கு கொள்ளாத ஒருவரிடம் தந்து நிரப்பச் சொல்ல வேண்டும். அவர் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம். பேஸ் மென்பொருளில் உள்ளடங்கிய தரவுத்தளத்தைக் கையாளும்போது, பதிவை எழுதினால் மட்டும் போதாது. கோப்பையும் சேமிக்க வேண்டும். அதன் படியொன்றை வேறிடத்தில் வைக்க வேண்டும். பலர் ஒரே சமயத்தில் எழுதுவதற்கு இவ்வகைக் கோப்பு ஏற்றதன்று. அந்நிலை வரும்போது, அட்டவணைகளை மரியாடிபி, போஸ்ட்கிரஸ் போன்ற பெரிய தரவுத்தளங்களில் வைத்து, பேஸ் படிவங்களின் வழியே அவற்றை ஆளலாம்.

இவையெல்லாம் அறிவியல் பயின்றோர்க்கே உரியவை என்று கலைப் பட்டதாரிகளாகிய நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. எது ஒன்று, எது பல, எதற்கு எது உறவு என்று பிரித்தறிவதே இதில் கடினமான பகுதி. இலக்கணம் பயின்றவர்க்கு அது புதிதன்று. எஞ்சியவை சில நாள் பழக்கத்தில் கைவந்துவிடும். முப்பது ஆண்டுகள் சொல்லோடு மல்லாடிய ஒருவர் விடைபெறும் நாளில், அவர் தேடிக் கண்ட சொற்கள் சான்றுகளோடு மேசைமேல் இருக்குமானால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை இராது.