தலைமையைப் படிப்பித்த பீடாதிபதி



தலைமை பிறவியில் வருவதா, படிப்பித்து வருவதா என்று நம் கூட்டங்களிலே பலமுறை வாதாடியிருக்கிறோம். அந்தக் கேள்வியையே தம் சீவியத் தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் நிதின் நோரியா. இந்தியாவிலே பிறந்தவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1984இல் இரசாயன எந்திரவியற் பட்டம் பெற்று, அமெரிக்காவிலே எம்.ஐ.டி.யில் கலாநிதியாகி, 1988இல் ஹார்வாட் வர்த்தகக் கல்லூரியில் ஆசிரியராய்ச் சேர்ந்தார். 2010 ஜூலையில் அதன் பத்தாவது பீடாதிபதியானார்.

அக்கல்லூரியின் படிப்பு முறை விசித்திரமானது. அரைவட்ட மண்டபத்திலே ஏறத்தாழ 90 பேர் அமர்ந்திருப்பர். உண்மையில் ஒரு வியாபாரத்தில் எழுந்த சிக்கலை முன்னரே வாசித்து வந்திருப்பர். ஆசிரியர் திடீரென ஒருவரைப் பெயர் சொல்லி, "நீர் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்?" என்பார். பின்வாங்கில் ஒளித்திருக்க வழியில்லை! (நம்மிற் சிலருக்கு இது பெருந் தண்டனையாகத் தோன்றலாம்.) பேசிப் பழகினாற் போதாது, செய்தும் பழகவேண்டும் என்று கருதிய நோரியா, 2012 ஜனவரியில் முதலாம் ஆண்டு மாணவர் சுமார் 900 பேரைச் சிறு குழுக்களாகப் பிற நாடுகளுக்கு அனுப்பினார்.

இத்தகையவர் இணையவழிக் கல்வியைத் தொடக்கத்தில் நம்பாததில் வியப்பில்லை. முகம் பார்த்து நடக்கும் வாதம் கணினித் திரையில் எப்படி வரும்? ஆயினும் அவர் மனம் மாறினார். 2014இல் எச்.பி.எக்ஸ் என்ற பெயரில் இணையவழிப் படிப்பு ஆரம்பமாயிற்று. நீண்ட விரிவுரையைப் படம்பிடித்துப் போடும் வழக்கத்தை அங்கே கைக்கொள்ளவில்லை. சில நிமிடங்களுக்கொருமுறை மாணவர் ஏதேனும் செய்தாகவேண்டும். எதிர்பாராத வேளையில் திரையிலே கேள்வி தோன்றும், விடை எழுதவேண்டும். ஒருவரின் சந்தேகத்தை மற்ற மாணவரே தீர்த்துவைப்பர். 2015இல் பொஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றிலே தனி மண்டபம் அமைத்தனர். ஆசிரியர் எதிரே சுவர் நிறையத் திரைகள். வெவ்வேறு ஊர்களில் இருந்த 60 பேரின் முகங்கள் அவற்றிலே தெரிந்தன. அதே அரைவட்ட மண்டபம், ஆட்கள் மாத்திரம் தூரத்தில்.

ஒன்று மட்டும் எனக்கு நெருடுகிறது. பிற இடங்களில் இலவசப் பாடங்கள் பெருகிய அக்காலத்திலே, முதற் படிப்புக்கு இவர்கள் 1,500 டொலர் வாங்கினர். காசு கொடுத்தவர் இடையில் விடார் என்பது நியாயந்தான். ஆனால் காசில்லாத கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்வது?

அதே 2014இன் தொடக்கத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். பழைய மாணவிகள் கூடிய சபையிலே எழுந்து, கல்லூரி பெண்களைச் சரிவர நடத்தவில்லையென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாடச் சம்பவங்களிற் பெண்கள் முதன்மை பெற்றவை அப்போது 9 வீதமே. அதை ஐந்தாண்டுகளில் 20 வீதமாக்குவோம் என்றும் வாக்களித்தார். தலைமை பற்றி அவர் எழுதிய நூல்களிலும் பார்க்க இச்செய்கையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2020 ஜூனில் ஓய்வுபெற இருந்தவரைக் கொரோனாத் தொற்று மறித்தது. வகுப்புகள் யாவும் இணையத்துக்குப் போன அந்த ஆண்டு முடியும்வரை பொறுப்பில் நின்று, 2021 ஜனவரி முதலாந் திகதி பதவியைச் சிறீகாந்த் தாத்தாரிடம் கையளித்தார்.