வெண்குறுமீன்: வாசகர் கையில் இருந்த ஓர் இதழ்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்கும் ஓர் இதழுக்கும் நெடிய காலமே. தொடக்கத்தில் இருந்த முகம் இன்னும் இருக்கிறதா என்று கண்ணாடி பார்த்துக்கொள்ள ஏற்ற காலமும் அதுதான். அந்த நோக்கில், இலக்கிய மேடைகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஆங்கில இதழின் முதல் பத்தாண்டுகள் இவ்வுரைக்குப் பொருளாகின்றன. 1977ஆம் ஆண்டு ஜூன்-ஜூலையில் இலண்டனில் முதல் இதழ் வெளியான ‘ஒயிட் டுவார்ஃப்’ அது. கதையும் விளக்கமும் ஓவியமும் கடிதமும் நிறைந்த அவ்விதழ் ஒரு விளையாட்டைப் பற்றியது. ஆனால் அது வளர்ந்த விதமும் மாறிய விதமும் எழுதுவோர் அனைவருக்கும் உரிய செய்தி.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அப்பெயருக்கு இரு பொருள் உண்டு. மேனாட்டு மாயக்கதைகளில் வரும் வெண்தாடிக் குள்ளன் ஒன்று. எரிபொருள் தீர்ந்து, சுருங்கி, மிச்ச வெப்பத்தால் மட்டும் ஒளிரும் வெண்குறுமீன் என்னும் விண்மீன் மற்றொன்று. மாயக்கதை, அறிவியல் புனைகதை ஆகிய இரு துறைகளுக்கும் இதழ் பொதுவானது என்பதைக் காட்டவே இந்தச் சிலேடைப் பெயர் சூட்டப்பட்டது. விண்மீன் என்ற பொருளில் இப்பெயருக்குச் சென்னையோடு ஓர் உறவும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது வெண்குறுமீனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டென்று கணக்கிட்டார். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அம்மீன் தன் நிலையில் நிற்க இயலாது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிறை கூடினால் நிலை மாறும் என்ற அந்த உண்மையை இதழின் கதைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

அந்த விளையாட்டு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதைசொல்லி; மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஓர் இருண்ட நிலவறையை வருணிப்பார். பாத்திரமேற்றவர் தாம் செய்யப்போவதைச் சொல்வர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதில் வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது அனைவரும் சேர்ந்து சொன்ன ஒரு கதையே. கேட்பவனும் சொல்பவனும் ஒருவராகிவிடும் இத்தகைய கலைக்கு அமைந்த இதழில், படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரானதில் வியப்பில்லை.

இலண்டனில் 1975இல் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்னும் மூன்று இளைஞர்கள் ‘கேம்ஸ் ஒர்க்‌ஷாப்’ என்ற சிறு நிறுவனத்தைத் தாம் வாழ்ந்த வீட்டிலேயே தொடங்கினர். ‘அவுல் அண்ட் வீசல்’ என்ற செய்தி மடல் ஒன்றையும் நடத்தினர். அதன் ஒரு படி கடல் கடந்து அந்த விளையாட்டை வெளியிட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தம் விளையாட்டின் பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் மனம் பறிகொடுத்த இளைஞர்கள் கேட்டது ஆறே பெட்டிகள். கிடைத்ததோ ஐரோப்பா முழுமைக்குமான விற்பனை உரிமை. இப்புதிய விளையாட்டில் நாட்டம் கொள்ளாத பீக் விலகினார். மடல் 25 இதழ்களோடு நின்று, அதன் இடத்தில் லிவிங்ஸ்டனை ஆசிரியராகக் கொண்டு ‘ஒயிட் டுவார்ஃப்’ பிறந்தது. முதல் ஐந்தாண்டுகள் இரு திங்களுக்கு ஒருமுறை வெளிவந்த இதழ், 1982 ஆகஸ்டு முதல் திங்களிதழாயிற்று.

இதழின் உயிர்நிலை வாசகர் பக்கங்களில் இருந்தது. அவற்றுள் தலையாயது 1978இல் தொடங்கிய ‘ஃபீண்ட் ஃபாக்டரி’, அதாவது பூதங்களின் பட்டறை. டான் டர்ன்புல் இதனைத் தொகுத்தார். விளையாட்டில் எதிர்ப்படத்தக்க ஒரு புதிய பூதத்தையோ விலங்கையோ வாசகர் கற்பனை செய்து அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு யாப்பு இருந்தது. பெயர், உடல் வலிமை, கவசம், தாக்கும் முறை, காக்கும் புதையல் ஆகியவற்றை எண்களில் தரவேண்டும். அதன்பின் ஒன்றிரண்டு பத்திகளில் அந்த உருவத்தின் வரலாறும் இயல்பும் வரவேண்டும். எண்கள் தளையாக நிற்க, பத்தியில் கற்பனை விளையாடும். வெண்பாவின் ஈற்றடிக்குள் ஓர் உலகை அடக்கப் பழகியவர்களுக்கு இந்த நெருக்கடியின் சுவை எளிதில் விளங்கும்.

அப்படி எழுதியவர்களுள் ஒருவர் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பள்ளி மாணவர். 1979இல் அவர் அனுப்பிய படைப்பு ‘கித்யாங்கி’ என்ற இனம். மனத்தை உண்ணும் கொடியவர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்து, கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்று, பின்பு தாமே கொடியவர்களாக மாறிப்போன இனம் அது. பெயரை மட்டும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1977இல் வெளியிட்ட முதல் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார், வரலாறு அவருடையது. விடுதலை பெற்றவன் ஏன் கொடுங்கோலன் ஆகிறான் என்ற பெரிய கேள்வியை ஒரு சிறுவன் பகடை எண்களுக்கு இடையே வைத்தான். பின்னாளில் அவர் அறிவியல் புனைகதை எழுத்தாளராகி, 2005இல் ஹியூகோ விருது பெற்றார்.

பட்டறையில் விளைந்தவற்றுள் பலவும் புதிய சிலவும் 1981இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற நூலாயின. அந்நூலின் அட்டையை அலங்கரித்தவன் கித்யாங்கி வீரனே. படைத்த வாசகர்களின் பெயர்கள் நூலின் இறுதியில் அச்சேறின. அவற்றுள் சில உருவங்கள் நகைப்புக்கு இடமானவை என்று அன்றே எள்ளப்பட்டன. எழுதிப் பழகும் இடத்தில் பதரும் மணியும் கலந்திருப்பது இயல்பு. பதருக்கு அஞ்சிக் களத்தை மூடியிருந்தால் மணியும் கிடைத்திராது.

மற்றப் பக்கங்களும் குறைந்தவை அல்ல. ‘ஓபன் பாக்ஸ்’ பகுதியில் புதிய விளையாட்டுகள் விமரிசிக்கப்பட்டன. ‘ரூன்குவெஸ்ட்’, ‘டிராவலர்’, ‘கால் ஆஃப் கதூலு’ எனப் பல நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு இடம் இருந்தது. 1983 முதல் டேவ் லாங்ஃபோர்ட் ‘கிரிட்டிகல் மாஸ்’ என்ற தலைப்பில் அறிவியல் புனைகதை நூல்களுக்கு மதிப்புரை எழுதினார். சில வரிகளில் ஒரு நூலை எடைபோடும் அவருடைய அங்கதம், விளையாட வந்த இளைஞரை நூலகத்திற்கு அனுப்பியது. கார்ல் கிரிட்ச்லோ வரைந்த ‘த்ரட்’ என்ற படக்கதை, மலையளவு உடலும் குன்றிமணி அளவு தலையும் கொண்ட வீரனைக் காட்டி, இதழ் போற்றிய வீரக்கதைகளையே கேலி செய்தது. தன்னைத் தானே நகையாடிக்கொள்ளும் துணிவு ஓர் இதழின் உடல்நலத்திற்கு அடையாளம்.

மாற்றம் மெல்ல வந்தது. 1979இல் இந்நிறுவனத்தின் துணையோடு பிரையன் ஆன்செல் ‘சிட்டடல்’ என்ற பெயரில் சிறு உலோகப் பொம்மை வீரர்களை வார்க்கும் தொழிலைத் தொடங்கினார். 1983இல் அப்பொம்மைகளைக் கொண்டு ஆடும் ‘வார்ஹாமர்’ போர் விளையாட்டு வந்தது. கதை சொல்லும் விளையாட்டுக்கு ஒரு நூலும் சில பகடைகளும் போதும். ஒருமுறை வாங்கியவர் மீண்டும் கடைக்கு வரவேண்டியதில்லை. போர் விளையாட்டுக்கோ படை வேண்டும். படைக்குப் பொம்மைகள் வேண்டும். எதிரியின் படை பெருகப் பெருக இன்னும் வேண்டும். வணிகத்தின் கணக்கு எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆன்செல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். இலண்டனிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு இதழ் இடம்பெயர்ந்தது. லிவிங்ஸ்டன் 74 இதழ்களோடு ஆசிரியப் பொறுப்பை விட்டிருந்தார்.

1986 மே மாதத்தில் வந்த 77ஆவது இதழ் கவிஞர்களுக்குச் சுவையான செய்தி தருவது. இலண்டனில் உருவான கடைசி இதழ்களுள் அது ஒன்று. அதன் பொருளடக்கத்தில் வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால், புதிய தலைவரைப் பெயர் சொல்லி ‘தொலைந்து போ’ என்னும் வசைத்தொடர் வெளிப்படுகிறது. தமிழ்ச் சித்திரகவியில் கரந்துறைச் செய்யுள் என்று ஒரு வகை உண்டு. ஒரு பாட்டினுள் மற்றொன்று மறைந்து கிடக்கும். பணியிழந்து போகும் ஆசிரியர் குழுவினர் தம் கோபத்தைக் கரந்துறை வைத்துவிட்டுச் சென்றனர். வாசகரோடு வெளிப்படையாகப் பேசி வந்த இதழில், சொல்லவேண்டியதை மறைத்துச் சொல்லவேண்டிய நாள் வந்துவிட்டது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

1987 ஜூனில் இதழுக்குப் பத்து வயது நிறைந்தது. 1988 ஏப்ரலில் நூறாவது இதழ் வந்தது. அதே ஆண்டில் லாங்ஃபோர்டின் மதிப்புரைப் பகுதி நின்றது. பிற நிறுவனங்களின் விளையாட்டுகள் படிப்படியாக மறைந்தன. சில ஆண்டுகளுக்குள் ‘ஒயிட் டுவார்ஃப்’ தன் நிறுவனத்தின் பொருள்களை மட்டுமே பேசும் இதழாகிவிட்டது. தாள் உயர்ந்தது; வண்ணம் கூடியது; பொம்மைகளின் நிழற்படங்கள் பக்கங்களை நிறைத்தன. பூதங்களைப் படைத்து அனுப்பிய வாசகர், பூதங்களை வாங்கி வண்ணம் தீட்டுபவரானார்.

இங்கே நடுநிலை தவறலாகாது. தொடக்க கால இதழும் துறவியின் மடல் அன்று. அதை வெளியிட்டவர்கள் விளையாட்டுப் பெட்டிகளை விற்றவர்கள். விற்பனைக்காகவே இதழும் தோன்றியது. பழைய வழியிலேயே சென்றிருந்தால் இதழ் பிழைத்திருக்கும் என்றும் உறுதி கூற இயலாது. பிரிட்டனில் அதற்குப் போட்டியாக வந்த ‘இமேஜின்’ என்ற தரமான இதழ் 1983இல் தொடங்கி, 30 இதழ்களோடு 1985இல் நின்றது. மாறிய ‘ஒயிட் டுவார்ஃபோ’ பல்லாயிரம் இளைஞர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத் தந்து, 2024இல் 500ஆவது இதழைக் கண்டது. ஆகவே இது ஓர் இதழ் இறந்த கதை அன்று. பெயரும் எண்ணும் தொடர, உரையாடல் மட்டும் நின்றுபோன கதை. இறந்த இதழுக்கு இரங்கல் கூட்டம் நடத்தலாம். இதற்கு அதுவும் நடத்த வழியில்லை.

மற்றொரு கேள்வியும் உண்டு. மாணவர் ஸ்ட்ராஸ் படைத்த கித்யாங்கி இனம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறது. 2023இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி விளையாட்டில் கித்யாங்கிப் பெண் ஒருத்தி முதன்மைப் பாத்திரங்களுள் ஒருத்தி. ஆயினும் அந்த இனத்தின் உரிமை, விளையாட்டை உடைமையாகக் கொண்ட நிறுவனத்திடமே உள்ளது. பெயர் அச்சில் வந்தால் போதும் என்று மகிழ்ந்து அனுப்பும் இளம் படைப்பாளிக்கு, தான் எதைக் கொடுக்கிறோம் என்பது தெரிவதில்லை. அதைத் தெரிவிக்கும் கடமை இதழ் நடத்துவோரைச் சேர்ந்தது. சிற்றிதழ்களும் மலர்களும் இதற்கு விலக்கல்ல.

நிறை கூடிய வெண்குறுமீன் தன் நிலையில் நிற்பதில்லை என்பது சந்திரசேகரின் கணக்கு. இதழுக்கு வரும் நிறை பணமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. புகழாகவும் இருக்கலாம், நிறுவனர் மீது கொண்ட பக்தியாகவும் இருக்கலாம், அறிந்த பெயர்களையே மீண்டும் மீண்டும் அச்சிடும் பழக்கமாகவும் இருக்கலாம். அது எந்த அளவைத் தாண்டிவிட்டது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அண்மை இதழைக் கையில் எடுத்து, இதுவரை எங்கும் எழுதாத ஒருவரின் பெயர் அதில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் அடுத்த மலரில், முகம் தெரியாத ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ இரண்டு பக்கம் ஒதுக்கிவைக்கப்படுமானால், இந்த விழாவுக்கு அதைவிடப் பெரிய சிறப்பு வேறில்லை.